சாமி யார் பக்கம்?

பூசைக்கு வைத்திருந்த தட்டிலிருந்து பையன் ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துக்கொண்டான். நான்கு வயது இருக்கும். திருநகரில் தெரிந்தவர் வீடு, வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்குக்கூட இன்னும் ஏற்றவில்லை. அப்பத்தா பார்த்துவிட்டார். அடிக்கவில்லை, சத்தம் போடவும் இல்லை. "சாமிக்கு முந்தித் தின்றால் சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லிவிட்டு ஊதுபத்தியைத் தேடப் போய்விட்டார். பையன் பழத்தைத் திரும்ப வைத்தான். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு, சுவரில் தோள் உரச, தட்டுத் தடுமாறி அறையை விட்டு வெளியேறினான். நாங்கள் அங்கே இருந்த ஒன்றரை மணி நேரமும் பூசை அலமாரி இருந்த பக்கம் அவன் வரவே இல்லை.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் மதுரைச் சீமையில் எத்தனை பேர்? வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தப் பொத்திய கண்கள் என்னைத் தொந்தரவு செய்யத் தொடங்கின. அந்தச் சிறுவன் பழத்தைத் திருடக் கூடாது என்று கற்றுக்கொண்டானா? அல்லது தன்னைக் குத்துவதற்கென்றே ஒருவர் அலமாரிக்குள் காத்திருக்கிறார் என்று கற்றுக்கொண்டானா?

இந்தக் கேள்வியை 1964-லேயே ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். அமெரிக்கச் சமூகவியலாளர் கிளைட் நன் அதற்கு வைத்த பெயர் 'கடவுளோடு கூட்டணி'. பிள்ளையைக் கட்டுக்குள் வைக்கப் பெற்றோர் கடவுளைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்வதை அப்படிச் சொன்னார். அவர் கண்டது எனக்கு வியப்பாக இருந்தது. பிள்ளையிடம் தங்கள் சொல் எடுபடாத, கையாலாகாத நிலையில் இருந்த பெற்றோர்தான் இந்தக் கூட்டணியை அதிகம் நாடினார்கள். 1984-இல் நெல்சன், க்ரோலிசாக் என்ற இருவர் மின்னசோட்டா மாநிலப் பள்ளிப் பிள்ளைகளிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். 'கடவுள் தண்டிப்பார்' என்று மிரட்டப்பட்ட பிள்ளைகள் கடவுளைத் தீங்கு செய்பவராகப் பார்ப்பதும், எது நடந்தாலும் பழியைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்வதும் கூடுதலாக இருந்தது. வீட்டில் அதிகாரம் குறைந்தவர் கடவுளைத் துணைக்கு அழைக்கிறார். அதன் விலையைப் பிள்ளை தன் மனத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. நம் வீடுகளில் இந்த மிரட்டலை அப்பாவைவிட அம்மாவும் அப்பத்தாவும்தான் அதிகம் சொல்கிறார்கள். அவர்கள் கையில் வேறு என்ன அதிகாரம் இருக்கிறது என்று யோசித்தால், கோபத்தை முழுவதும் அவர்கள் மேல் காட்டவும் மனம் வருவதில்லை.

சொற்களைக் கொஞ்சம் நேராக்கிக்கொள்ளலாம். தன்னம்பிக்கை என்பது 'என்னால் முடியும்' என்ற எண்ணம். மேடை ஏறிப் பேசுகிற பிள்ளைக்கு அது உண்டு. தன்மதிப்பு வேறு. முடிந்தாலும் முடியாவிட்டாலும் 'நான் மதிப்புள்ள ஆள்தான்' என்று உள்ளே ஊறிக் கிடக்கும் உணர்வு அது. மேடையில் வெளுத்துக் கட்டிவிட்டு, இரண்டாம் பரிசு கிடைத்ததால் வீட்டுக்குப் போகப் பயப்படும் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை இருக்கிறது, தன்மதிப்பு இல்லை. தன்னைப் பற்றிய இந்த ஒட்டுமொத்தத் தீர்ப்பு ஏறத்தாழ எட்டு வயதை ஒட்டித்தான் பிள்ளைகளிடம் உருவாகிறது என்கிறார்கள் உளவியலாளர்கள். அதற்கான சரக்கு மட்டும் அதற்கு வெகு முன்பிருந்தே சேர்ந்துகொண்டு வருகிறது.

இதை அளக்க உலகம் முழுவதும் இன்றும் பயன்படுவது அமெரிக்கச் சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பர்க் 1965-இல் வெளியிட்ட அளவுகோல். பத்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஒத்துக்கொள்கிறாய் என்று நான்கு படிகளில் பதில். நியூயார்க் மாநிலத்தில் 10 பள்ளிகளில் 5,024 மாணவர்களிடம் அதைக் கொடுத்துப் பார்த்தார். அவருடைய ஆய்வில் என் மனத்தில் தங்கிய இடம் வேறொன்று. பெற்றோர் பிள்ளை மேல் காட்டும் அக்கறையை அவர் மூன்று சின்ன விஷயங்களால் அளந்தார். பிள்ளையின் நண்பர்களை அம்மாவுக்குத் தெரியுமா? ரேங்க் கார்டைப் பார்த்துப் பெற்றோர் என்ன செய்கிறார்கள்? இரவுச் சாப்பாட்டின்போது நடக்கும் பேச்சில் பிள்ளைக்கும் இடம் உண்டா? ரேங்க் கார்டைப் பார்த்துத் திட்டிய பெற்றோரின் பிள்ளைகளைவிட, பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுத் தந்தவர்களின் பிள்ளைகளிடம் தன்மதிப்பு தாழ்ந்திருந்தது. திட்டு வலிக்கும். ஆனால் 'நீ எப்படிப் போனால் எனக்கென்ன' என்ற மௌனம் அதைவிட ஆழமாக இறங்குகிறது.

வளர்ப்பு முறைகளைப் பற்றிப் பேசும் எவரும் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்டைத் தொடாமல் போக முடியாது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் கவனித்து 1960-களில் மூன்று வகைகளைச் சொன்னார். 1983-இல் மாக்கோபியும் மார்ட்டினும் நான்காவதைச் சேர்த்தார்கள். நம் பேச்சில் சொன்னால், அதட்டி வளர்ப்பது, அணைத்துக் கண்டிப்பது, செல்லம் கொடுத்து விடுவது, தண்ணீர் தெளித்து விட்டுவிடுவது. பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம், பிள்ளைக்கு எவ்வளவு செவி கொடுக்கிறோம் என்ற இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும்போது இந்த நான்கும் கிடைக்கின்றன. தன்மதிப்போடு மீண்டும் மீண்டும் சேர்ந்து வருவது இரண்டாவது வகை. விதி இருக்கும், ஏன் அந்த விதி என்று பிள்ளைக்குச் சொல்லப்படும், பிள்ளை எதிர்த்துக் கேட்டால் வீடு இடிந்து விழாது.

"அப்படியானால் எங்கள் வீட்டில் எல்லாரும் அதட்டி வளர்ந்தவர்கள்தான், நாங்கள் கெட்டா போனோம்?" என்று மேலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ரூத் சாவோ 1994-இல் சீன வம்சாவளிக் குடும்பங்களைப் பற்றி எழுதியபோது ஏறத்தாழ இதையே சொன்னார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதிகாரமாகத் தெரிவது, அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பராமரிப்பாகத் தெரியலாம். நம் ஊரிலும் அப்படித்தான். கண்டிக்கிற அப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு அம்மாச்சி இருந்தார். அழுத முகத்தைத் துடைத்து, மடியில் போட்டு, முறுக்குக் கொடுத்து, "அவன் கிடக்கிறான், நீ வாடா என் ராசா" என்று சொல்ல ஆள் இருந்தது. ஒரு பிள்ளையை நான்கைந்து பேர் வளர்த்தார்கள். ஒருவர் அதட்டினால் இன்னொருவர் அணைத்தார். பாம்ரிண்டின் இரண்டாவது வகையை ஒரே ஆளாக அல்ல, ஒரு குடும்பமாகச் சேர்ந்து செய்தார்கள் என்று சொல்லலாம். இப்போது வில்லாபுரத்திலோ ஆனையூரிலோ இரண்டு அறை வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளை மட்டும். அதட்டல் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. அம்மாச்சி ஊரிலேயே தங்கிவிட்டார். நண்பர் தன் பிள்ளைக்கும் தனக்குக் கிடைத்த அதே வளர்ப்பைத் தருவதாக நினைக்கிறார். பாதிதான் தருகிறார்.

இந்த இடத்தில்தான் பக்தி உள்ளே வருகிறது. பக்தியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு அதிகமா, குறைவா? ஆய்வுகளில் ஒற்றைப் பதில் கிடைப்பதில்லை. கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது. பக்தி தனியாக வந்து பிள்ளையைத் தொடுவதில்லை. அம்மா, அப்பாவின் கை வழியாகத்தான் தொடுகிறது. அந்தக் கை எப்படிப்பட்டதோ அப்படியே பிள்ளைக்குச் சாமியும் அமைகிறது. அமெரிக்காவின் பழமைவாதப் புராட்டஸ்டண்ட் பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதில் முன்னால் நிற்பவர்கள் என்பது பழைய கண்டுபிடிப்பு. அதே பெற்றோர்தான் பிள்ளைகளைக் கட்டி அணைப்பதிலும் பாராட்டுவதிலும் மற்றவர்களைவிட முன்னால் இருக்கிறார்கள் என்று 1998-இல் பிராட்ஃபோர்ட் வில்காக்ஸ் காட்டினார். ஒரே நம்பிக்கைக்குள் பிரம்பும் இருக்கிறது, மடியும் இருக்கிறது. 1973-இல் பென்சன், ஸ்பில்கா என்ற இருவர் 128 கத்தோலிக்க மாணவர்களிடம் கேட்டபோது, தன்மதிப்பு உயர்ந்த பையன்கள் அன்பான கடவுளையும், தாழ்ந்தவர்கள் தள்ளிவிடும் கடவுளையும் மனத்தில் வைத்திருந்தது தெரிந்தது. தன்னை எப்படிப் பார்க்கிறானோ, அப்படித்தான் கடவுளும் தன்னைப் பார்ப்பதாக நினைக்கிறான்.

ஆகவே நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி. பிள்ளைக்கும் பெற்றவருக்கும் நடுவில் ஒரு பிணக்கு வரும்போது, அந்த வீட்டில் சாமி யார் பக்கம் நிற்கிறது?

பிள்ளையின் பக்கம் நிற்கும் சாமியை மதுரைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சித்திரைப் பௌர்ணமி விடியலில் ஆழ்வார்புரம் பக்கம் வைகைக்குள் நின்றிருப்பீர்கள். தங்கக் குதிரையில் அழகர் வருகிறார், எங்கே பார்த்தாலும் தலை, துருத்தியிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், சர்க்கரை நிரப்பிய சொம்பில் சூடம் எரிகிறது. எல்லோருக்கும் ஒரே கேள்வி: என்ன பட்டு? பச்சைப் பட்டு என்றால் மண் விளையும். ஒருமுறை எனக்கு முன்னால் ஒருவர் தன் மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். ஐந்து வயதுக்கு மேல் இருக்காது. அவருக்கு முன்னால் இருந்தவர்களின் முதுகுதான் தெரிந்தது. அவளுக்குத்தான் சாமி தெரிந்தது. "என்ன கலரும்மா?" என்று கேட்டார். "பச்சைப்பா" என்றாள். அவர் பக்கத்தில் நின்றவரிடம் "பச்சையாம்" என்றார். அந்தச் சொல் எங்களைத் தாண்டிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு சிறுமி கண்ணால் கண்டு சொன்னதை ஐம்பது பெரியவர்கள் அப்படியே நம்பினார்கள். சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் பிள்ளைக்கு இடம் உண்டா என்று ரோசன்பர்க் கேட்டாரே, அதன் திருவிழா வடிவம் இது.

பாண்டி கோயிலிலோ குலதெய்வக் கோயிலிலோ நடக்கும் காதுகுத்தும் அப்படித்தான். மொட்டைத் தலையில் சந்தனம், தாய்மாமன் மடி, சீர்த்தட்டுகள், பங்காளிகள் அத்தனை பேரும் ஒரு குழந்தையின் காதைச் சுற்றி நிற்கிறார்கள். குழந்தை இன்னும் எதையும் சாதிக்கவில்லை. முதல் ரேங்க் வாங்கவில்லை. பிறந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்காக ஒரு கிடா வெட்டி ஊருக்குச் சோறு. தாத்தாவின் பெயரைத் தாங்குவதால் பெயரன் ஆனவன் என்ற நம் சொல்லிலேயே 'நீ எங்கள் ஆள்' என்ற உறுதி இருக்கிறது. வீட்டில் பிள்ளை ராத்திரி பயந்து அலறினால் திருநீறு பூசுவார்கள். மறுநாள் பள்ளிவாசல் வாசலில், மாலைத் தொழுகை முடிந்து வருபவர்கள் ஓதி ஊதிவிடக் குழந்தையோடு காத்து நிற்கும் பெண்களில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள். குர்ஆன் ஓதி முடித்த அன்று வீட்டில் இனிப்பு, கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை முதன்முதலாக நற்கருணை பெறும், புது நன்மை வாங்கும் நாளில் வெள்ளை உடுப்பு. இவை எல்லாம் பிள்ளைக்குச் சொல்வது ஒன்றுதான்: உன்னைக் காப்பாற்ற வானத்தில் ஆள் இருக்கிறது, கீழேயும் ஆள் இருக்கிறது.

அதே நேர்த்திக்கடன் கொஞ்சம் தடம் மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 'உன்னை வேண்டிப் பெற்றோம்' என்பது ஒரு வாக்கியம். 'நீ 490 எடுத்தால் மொட்டை போடுவதாக வேண்டியிருக்கிறேன்' என்பது இன்னொரு வாக்கியம். முதலாவதில் பிள்ளையே வரம். இரண்டாவதில் மதிப்பெண்தான் வரம், பிள்ளை அதைக் கொண்டுவரும் ஆள். தன்மதிப்பு என்பது நாம் சாதித்ததை நம் ஆசைகளால் வகுத்தால் வரும் ஈவு என்று வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் எழுதினார். வீடு ஆசையை ஏற்றுகிறது. சாமியும் சேர்ந்து ஏற்றினால் அந்தக் கணக்கில் பிள்ளையின் பங்கு சுருங்கிக்கொண்டே போகும். தேர்வுக்கு முந்தைய நாள் பிள்ளையார் முன்னால் பேனாவை வைத்துத் திருநீறு பூசி அனுப்புவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அது தைரியம் தருகிறது. "அம்மா உனக்காக ஒன்பது வாரம் விரதம் இருந்திருக்கிறேன், நினைவில் வைத்துக்கொள்" என்று வாசலில் நின்று சொல்லும்போதுதான் திருநீறு கனக்கத் தொடங்குகிறது. பிள்ளையின் நடத்தையைக் கட்டுப்படுத்துவது வேறு, குற்ற உணர்ச்சியாலும் பாசத்தைப் பின்னிழுத்தும் பிள்ளையின் மனத்தைக் கட்டுப்படுத்துவது வேறு என்று 1996-இல் பிரையன் பார்பர் பிரித்துக் காட்டினார். கேடு விளைவிப்பது இரண்டாவதுதான். குடும்ப ஜெபத்திலும் இதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளையைப் பக்கத்தில் முழங்காலில் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளை கணக்கில் தோற்றுப்போய் எங்களைத் தலைகுனிய வைத்தான்" என்று தொடங்கும் ஜெபம். அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். எதிர்த்துப் பேசவும் முடியாது, ஜெபத்தின் நடுவில் யார் பேசுவார்கள்?

உசிலம்பட்டி, தேனி வட்டாரத்தில் 'போதும்பொண்ணு' என்று பெயர் கொண்ட பெண்களை இன்றும் பார்க்கலாம். மூன்றாவதோ நான்காவதோ பெண்ணாகப் பிறந்தபோது, இனி ஆண்பிள்ளை தா என்று தெய்வத்துக்கு விடுத்த விண்ணப்பம் அது. விண்ணப்பத்தை எழுதிய காகிதம் அந்தக் குழந்தை. ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவேட்டில் வாசிக்கப்பட்டு, அவள் எழுந்து நின்று 'உள்ளேன் ஐயா' சொல்லியிருக்கிறாள். வேண்டிப் பெற்ற மகனும் போதும் என்று பெயரிடப்பட்ட மகளும் ஒரே கோயிலில், ஒரே சாமி முன்னால், ஒரே வீட்டாரின் பக்தியால் உண்டானவர்கள். பக்தியின் அளவை மட்டும் கேட்டுக் கணக்குப் போடும் ஆய்வில் இந்த இருவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள்.

வீட்டை விட்டு வெளியே வந்தாலும் கேள்வி நிற்பதில்லை. தன் மதத்தார் குறைவாக வாழும் பகுதியில் வளர்ந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு தாழ்வது கூடுதலாக இருந்ததை ரோசன்பர்க்கே கண்டார். 2012-இல் கெபாவர் குழுவினர் 11 ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 1,88,000 பேரிடம் பார்த்தபோது, பக்தியை மதிக்கும் நாடுகளில்தான் பக்தியுள்ளவர்களின் தன்மதிப்பு தெளிவாக உயர்ந்திருந்தது. பக்தி தரும் மதிப்பில் ஒரு பகுதி ஊரோடு ஒத்துப்போவதால் வரும் மதிப்பு என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். அப்படியானால் ஊர் ஒதுக்கிவைத்த பிள்ளைக்கு? மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட, அதுவரை உள்ளே விடப்படாத சாதியினர் நுழைந்தது 1939 ஜூலை 8-ஆம் தேதி. அதற்கு முந்தைய நாள் வரை கோபுரத்தை வெளியே நின்று மட்டுமே பார்த்த குழந்தைக்கு, வீட்டில் எவ்வளவு அன்பான பக்தி இருந்தாலும், அந்த வாசல் சொன்ன செய்தி வேறு. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் சாதியால் ஊரைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே மாதத்தில்தான். தங்கள் தெருவுக்கு வராத சாமி ஊர்வலத்தைத் தெருமுனையில் நின்று பார்த்து வளர்ந்த பிள்ளையின் தன்மதிப்பைப் பற்றிப் பேசும்போது, அதன் அம்மாவின் வளர்ப்பு முறையை மட்டும் விசாரிப்பது அநியாயம்.

இந்த மண்ணில் சுயமரியாதை என்ற சொல்லே மதத்தை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் பெயராக 1925 முதல் வழங்குவது அதனால்தான். சாமி படமே இல்லாத பகுத்தறிவாளர் வீட்டுப் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். வீட்டில் எதையும் கேட்கலாம், எதற்கும் விளக்கம் கிடைக்கும். பாம்ரிண்ட் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் வகுப்பில் எல்லோரும் திருநீறோடு வரும் நாளில் அந்தப் பிள்ளை வெறும் நெற்றியோடு தனியாக நிற்கிறது. அதற்கும் வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

நான் மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதைக் காட்டுபவை. ஒன்றுதான் மற்றதை உண்டாக்குகிறது என்று நிரூபிப்பவை அல்ல. அடங்கி நடக்கும் பிள்ளையிடம் பெற்றோர் கனிவாக இருப்பது எளிது. அடங்காத பிள்ளை கனிவான அம்மாவைக்கூட அதட்ட வைத்துவிடும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தன்மதிப்பு வளர வேண்டும் என்று பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவதும் உதவாது. நெதர்லாந்தில் 565 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், 'என் பிள்ளை மற்றவர்களைவிட ஒசத்தி' என்று நினைத்த பெற்றோரின் பிள்ளைகளிடம் வளர்ந்தது தற்பெருமை. தன்மதிப்பு வளர்ந்தது பெற்றோரின் பாசத்தை உணர்ந்த பிள்ளைகளிடம்.

திருநகர் வீட்டுக்கு மறுபடி போனபோது அப்பத்தாவிடம் மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தேன். நான் சொன்னதை அவர் முழுவதும் ஏற்கவில்லை. அவருடைய அப்பத்தாவும் அவரிடம் அதையே சொன்னாராம். "ஆனால் ராத்திரி எனக்குப் பயம் வந்தால் அந்த அப்பத்தா அதே சாமி பெயரைச் சொல்லித்தான் திருநீறு பூசிவிடும். அதனால் எனக்குச் சாமி மேல் பயம் ஒட்டவே இல்லை" என்றார். இந்தப் பையன் ராத்திரி எங்கே படுக்கிறான் என்று கேட்டேன். அப்பா, அம்மாவோடு, ஏசி அறையில். கதவு சாத்தியிருக்கும், அவன் பயந்து அழுதாலும் தனக்குக் கேட்காது என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு, தட்டிலிருந்த பழத்தை அவன் கையில் கொடுத்து, அவனையே சாமிக்கு முன்னால் வைக்கச் சொன்னார். அவன் வைத்துவிட்டு, கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.